தீவுக்காக அழுதவர்

பிறை சூடிய பெருமானே, ஆலத்தை உண்டு அண்டத்தைக் காத்தவனே, இதை எழுதி முடிக்கும்வரை என் விரலில் பொய் ஏறாதபடி காத்தருள்க. ஒருவரைப் பழிக்கும் ஆசையால் மட்டும் எழுதுகிறேனென்றால், இந்த எழுத்து மழையில் நனைந்த கோலம்போலக் கரைந்து போகட்டும்.

இன்று சித்திரை வளர்பிறை, உரோகிணி நாள். பாகூர் ஏரிப் பாசனத்து ஊர்களில் நல்லேர் பூட்டுகிறார்கள். காலையிலேயே எருதுகளுக்கு மஞ்சள் பூசி, கலப்பைக்குக் குங்குமம் இட்டு, வடகிழக்கு மூலையில் முதல் உழவுச் சால் ஓட்டியாயிற்று. கடைத்தெருவில் எனக்கு நாட்டு மருந்தும் பூசைப் பொருள்களும் விற்கும் கடை உண்டு. மார்கழியில் பதிகம் பாடுவேன்; பா புனையவும் கொஞ்சம் வரும். வியாபாரம் ஓய்ந்த பிறகு பேனாவும் தாளுமாக உட்கார்ந்தேன். என்ன எழுதப் போகிறேன் என்று தெரிந்ததும் என் மனைவி முகம் சுளித்தாள்.

"நல்ல நாளும் அதுவுமா அந்த மனுசனப் பத்தியா எழுதணும்?"

"இந்த நாள்லதான் எழுதணும்" என்றேன்.

அந்த மனிதர் மாசி மாதத்தில் காலமானார். அவருடைய மகன் பிரான்சிலிருந்து வந்து காரியங்களை முடித்தான். பிறகு என் கடைக்கு வந்து, நினைவு மலர் ஒன்று அச்சிடப் போவதாகவும், முதல் பக்கத்துக்கு நான் ஓர் இரங்கற்பா பாடித் தரவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டான்.

"அப்பாவுக்கு ரொம்ப எளகின மனசு ஐயா. அது மட்டும் பாட்டுல கண்டிப்பா வந்துரணும்."

சொல்லிவிட்டு மலரின் அட்டைக்கான புகைப்படத்தைக் காட்டி, என்னிடமே கொடுத்துவிட்டுப் போனான். அந்தப் படத்தில் அவர் வீட்டுப் படியின்மேல் வெள்ளைக் கோட்டு அணிந்து நிற்கிறார். கன்னத்தில் நீர் வழிகிறது. கீழே பாவாடை என்னும் பண்ணையாள் இரு கைகளையும் ஏந்தியபடி அவரை அண்ணாந்து பார்க்கிறான். அறியாதவர் பார்த்தால் அடியவனுக்கு ஆண்டவன் அருள்புரியும் காட்சி என்றே சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஏனெனில் அந்தக் கைகள் எதைக் கேட்டு நீண்டன என்பதை அறிந்தவன் நான். இரங்கற்பா எனக்கு வரவில்லை. இதுதான் வருகிறது.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. ஊரில் எல்லோரும் அவரை ஆண்டை என்றார்கள். கரும்பும் நெல்லுமாக ஏரியின் கீழே பரந்த நிலம் அவருடையது. இளமையில் பட்டணத்துப் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். கூடத்துச் சுவரில் அவருடைய பாட்டனாரின் பெரிய படம் ஒன்று சந்தன மாலையோடு தொங்கும். அந்தப் பாட்டனார் கப்பல்காரர்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்துச் செல்வரானவர். இதை அவரே பெருமையாகச் சொல்வார்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு நிலமும் மாடியும் நினைவுக்கு வருவதில்லை. கண்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. சற்றே பிதுங்கிய பெரிய கண்கள். எதைக் கேட்டாலும் முதலில் இடக்கண்ணின் ஓரத்தில் நீர் கட்டும். பிறகு வலக்கண் அதைப் பின்பற்றும். எப்போதும் இரண்டு வெள்ளைக் கைக்குட்டைகள் வைத்திருப்பார். ஒன்று துடைப்பதற்கு. மற்றொன்று, துடைத்ததைப் பிறர் காணும்படி முழங்கால்மேல் விரித்து வைப்பதற்கு.

முதன்முதலாக நான் அவர் வீட்டில் பதிகம் பாடப் போனது ஒரு மார்கழி விடியலில். இரண்டாம் பாட்டிலேயே அவர் விம்மினார். நான்காம் பாட்டில் தேம்பினார். இறைவன் முன் உருகும் நெஞ்சு கிடைத்தற்கரியது என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த நெஞ்சு பாகூரிலேயே இருக்கிறதே என்று மகிழ்ந்து போனேன். அன்று வெளியே வந்தபோது, கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த அஞ்சலை, அதாவது அந்தப் பாவாடையின் மனைவி, என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"இன்னிக்கி எத்தினி குட்ட சாமி?"

"என்ன எத்தனை?"

"கைக்குட்டதான். நேத்து கோயில்ல ஒண்ணு. போன வாரம் அவுரு தங்கச்சி வூட்டு நாய் செத்ததுக்கு மூணு. கஞ்சி போட்டு மடிக்கறவ நானு. கணக்கு தெரிஞ்சாதான பானையில கஞ்சி எடுத்து வெக்க முடியும்?"

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். பக்தியைக் கேலி செய்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. அவள் கேலி செய்தது பக்தியை அல்ல என்பது பிறகே தெரிந்தது.

தெரியத் தொடங்கிய நாளைச் சொல்கிறேன். கரும்பு ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போன வண்டி ஏரிக்கரைச் சரிவில் கவிழ்ந்துவிட்டது. எலும்புக்கு வைத்துக் கட்டும் மருந்தோடு உடனே வரச்சொல்லி ஆண்டை ஆள் அனுப்பியிருந்தார். மிதிவண்டியை வேகமாக மிதித்துக்கொண்டு போனேன். செவலை எருது ஒன்று முன்கால் முறிந்து கிடந்தது. அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவர் அழுதுகொண்டிருந்தார். சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில், வண்டிச் சக்கரத்தின் கீழ் நசுங்கிய வலப்பாதத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு பாவாடை சாய்ந்திருந்தான். துண்டு முழுவதும் சிவந்திருந்தது. நான் நேரே அவனிடம் போய்க் குனிந்தேன்.

"செட்டியாரே, மொதல்ல மாட்டுக்குப் போடுங்க" என்றார் அவர். "அது வாயில்லாத ஜீவன். அவன் வாய் உள்ளவன். வலிச்சா சொல்லுவான்."

பாவாடை துண்டை இன்னும் இறுக்கிச் சுற்றினான். உதட்டைக் கடித்துக்கொண்டு, "மாட்டப் பாருங்க சாமி" என்றான். எருது மாலைக்குள் இறந்தது. அதற்கு மாலை சூட்டி, தோப்பிலே குழி வெட்டி, சூடம் ஏற்றிப் புதைத்தார்கள். பாவாடையின் பாதமோ கோணலாகவே கூடியது. அன்று முதல் அவன் நடை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. "சொகமில்லாதவன வெச்சிக் காப்பாத்தறேன்" என்று ஆண்டை பல இடங்களில் சொல்லி அழுததுண்டு.

தொலைக்காட்சிப் பெட்டி எங்கள் பக்கத்து ஊர்களுக்கு வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த காலம். அவர் வீட்டில் அதற்குக் கதவு வைத்த மர அலமாரியே செய்திருந்தார்கள். ஓர் ஆண்டு தை மாதத்தில் மகன் வீடியோ டெக் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். கூடவே, பிரான்சுத் தொலைக்காட்சியில் வந்த தொடர் நாடகம் ஒன்றைப் பதிவுசெய்த நாடாக்களும் வந்தன. அந்நாட்டு நாடா இங்குள்ள பெட்டியில் நிறமில்லாமல் கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடியது. மகன் வருத்தப்பட்டான். தந்தை சொன்னார்:

"அழுவறதுக்கு எதுக்குடா கலரு?"

நடுக்கடலில் ஒரு தீவு. அதில் வெள்ளைத் துரைமாரின் கரும்புத் தோட்டங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த மக்கள் அங்கே அடிமைகளாகக் கரும்பு வெட்டுகிறார்கள். அந்த அடிமைத்தனம் ஒழிந்த கதைதான் நாடகம். ஞாயிறுதோறும் பிற்பகலில் ஒரு பகுதியாகப் போட்டுக் காட்டினார். என்னைப்போன்ற சிலருக்குக் கூடத்தில் நாற்காலி. பண்ணை ஆட்களுக்குத் தொழுவத்துப் பக்கத்துச் சன்னல். அவர்கள் வீட்டுக்குள் வருவதில்லை. சன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு முகங்கள் வரிசையாகத் தெரியும். எங்கள் யாருக்கும் பிரெஞ்சு தெரியாது. ஆகையால் அவரே திரைக்குப் பக்கத்தில் அமர்ந்து, ஒவ்வொரு பேச்சையும் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார்.

முதல் ஞாயிறு, கரும்புக் காடு திரையில் விரிந்ததும் சன்னலில் அஞ்சலையின் குரல் எழுந்தது.

"ஐயே, இன்னாம்மா இது, நம்ம கொல்லையாட்டமே கீது!"

"அது தீவுடி. கடலுக்கு அந்தாண்ட" என்றார் ஆண்டை.

"கரும்பு கரும்புதான ஆண்டே? அவங்களும் நம்மாட்டம் காஞ்ச சோகய கழிச்சிட்டுதான் வெட்றாங்க."

பாவாடை ஏதோ யோசித்துக்கொண்டிருந்தான். "அவங்க இருக்கற வூடு யாருது ஆண்டே?"

"தொரையோடதுதான். தோட்டத்துக்குள்ளயே குடிச போட்டுக் குடுத்திருக்கான்."

"அப்ப நம்மாட்டம்தான்."

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "டேய், உன்ன எவன்டா சங்கிலி போட்டுக் கட்டினான்? நாக்குக்கு நரம்பில்லன்னா இன்னா வேணா பேசுவியா?"

அதற்குள் திரையில் ஒருவனைக் கம்பத்தில் கட்டிச் சவுக்கால் அடித்தார்கள். அவர் இரண்டு கைக்குட்டைகளையும் முகத்தில் அழுத்திக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, பொழுதாகிவிட்டதே, தொழுவத்தைக் கூட்ட வேண்டுமே என்று அஞ்சலை நகர்ந்தாள். அவர் அழுகைக்கு நடுவே குரல் கொடுத்தார்.

"எங்கடி போற? நில்லு. பாரு. பாத்தாத்தான் தெரியும், மனுசனுக்கு மனுசன் இன்னா கொடும பண்றான்னு."

அவள் நின்றாள். நாடகம் முடிந்தது. அவர் எழுந்து முகம் கழுவிக்கொண்டு பின்பக்கம் போனார். சாணி வாராமல் கிடந்தது கண்ணில் பட்டது. நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த இடம்வரை அவருடைய சத்தம் கேட்டது.

"இவ்ளோ நேரம் இன்னாடி புடுங்கிக்கினு இருந்த? மாடு சாணியிலேயே படுத்துக் கெடக்குது பாரு!"

"நீங்கதான ஆண்டே நின்னு பாருன்னீங்க."

"எதுத்தா பேசற?"

  

இன்னொரு ஞாயிறு பலகாரம் கொடுத்தார்கள். வாயில் பாதி லட்டை அடக்கிக்கொண்டு அவர் என் தொடையில் தட்டிச் சொன்னார்: "நீங்க பாடறீங்களே செட்டியாரே, அடியேன், அடியேன்னு. நெனச்சிப் பாத்தா நாமளும் அடிமதான். அவன் அங்க தொரைக்கு. நான் இங்க சாமிக்கு." உடனே இடக்கண்ணில் நீர் கட்டிவிட்டது. நான் பாலோடு சேர்த்துக் கற்ற சொல் அது. எச்சில் நெய்யோடு அது அந்த வாயிலிருந்து வந்தபோது, பூசைத் தட்டில் ஈ மொய்த்ததைப் பார்த்தவன்போல ஆனேன். எழுந்து வந்திருக்கலாம். ஆனால் நாடகம் என்னையும் பிடித்துக்கொண்டது. அந்த மக்கள் விடுபடுவதைக் காணாமல் விடமுடியவில்லை.

அந்த நாள்களில்தான் ஊரில் ஒரு பேச்சு பரவியது. பெரும் நிலக்காரர்களின் மனையில் குடிசை போட்டிருக்கும் உழவுத் தொழிலாளருக்கு அந்த மனையே சொந்தமாகப் போகிறதாம். சித்திரை கழிந்ததும் கொம்யூன் என்னும் ஊராட்சி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து அளப்பார்களாம். அளக்கும்போது யார் குடியிருக்கிறார்களோ அவர்களுக்கே பட்டாவாம். ஆண்டையின் தோப்போரத்தில் சில குடிசைகள் இருந்தன. அவற்றில் ஒன்று பாவாடையினுடையது.

அவன் ஒரு மாலை சூடம் வாங்கும் சாக்கில் கடைக்கு வந்தான். வந்தவன் போகாமல் நின்றான்.

"சொல்லு பாவாடை."

"ஆண்டேகிட்ட ஒரு வார்த்த சொல்லணும் செட்டியாரே. வூடு இருக்கற எடத்த மட்டும் தடங்கல் பண்ணாம வுட்டுரச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"அரசாங்கமே தரப் போகிறது என்கிறார்களே?"

"அவுரு மனசு வெக்காம இந்தூர்ல எது நடந்திருக்குது? எங்கப்பன் போட்ட குடிச அது. முருங்க மரம் அஞ்சல வெச்சது. கதவு அவ அப்பன் செஞ்சி குடுத்த சீதனம்." கோணல் பாதத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டான். "அரியாங்குப்பத்துப் பக்கம் எத்தினி வூடு கட்றாங்க தெரியுமா? சித்தாள் வேலைக்கு வாம்மான்னு கூப்புடறாங்க அவள. போவ முடியல. போனா, வெளிய போறவளுக்கு என் எடத்துல இன்னாடி வூடுன்னுவாரு. எடம் அவுருது. அதனால எங்க கையும் காலும் அவுருது. எடம் எங்களுதாயிட்டா அவருகிட்டயே கூட வேல செய்யறோம். ஆனா நாங்களா வந்து செய்வோம்."

இதைவிடத் தெளிவாக அதை எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நல்லேர் பூட்டும் நாளில் நிலக்காரர் தம் பண்ணையாளுக்கு வெற்றிலை பாக்கும் புது வேட்டியும் கொடுப்பார். அதைக் கைநீட்டி வாங்கிக்கொண்டவன் அடுத்த சித்திரை வரை அவருடைய ஆள். அவன் குடிசைக்கும் ஆபத்தில்லை. வாங்காதவன் மூட்டை கட்ட வேண்டியதுதான். வெற்றிலைதான் விலங்கு; அதுவேதான் கூரையும். அளக்க வருவது நல்லேருக்குப் பிறகு. ஆகவே இந்த ஒரு வெற்றிலையை மட்டும் வாங்கிவிட்டால் போதும், பிறகு எந்த வெற்றிலையும் வாங்க வேண்டாம் என்பது பாவாடையின் நம்பிக்கை.

மறுநாளே ஆண்டையிடம் போய்ச் சொன்னேன். அவர் என் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். கண்ணீர் என் மணிக்கட்டில் சொட்டியது.

"இத அவனே எங்கிட்ட கேக்கக் கூடாதா செட்டியாரே? நான் இன்னா அந்தத் தீவுத் தொரையா? நல்லேர் அன்னிக்குப் பாருங்க. இந்த பாகூரே பாக்கற மாதிரி செய்யறேன்."

அந்த ஈரத்தை நம்பினேன். செய்தியைக் கேட்ட பாவாடை என் கடை வாசலில் சூடம் ஏற்றிவிட்டுப் போனான்.

நல்லேருக்கு முந்திய ஞாயிறு விடுதலைப் பகுதி ஓடியது. துரை தன் மாளிகைப் படியில் வெள்ளைக் கோட்டோடு நின்று சாசனம் படிக்கிறான். கீழே கறுப்பு மக்கள் வைக்கோல் தொப்பிகளை வானில் வீசி ஆடுகிறார்கள். ஆண்டை அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். துரை கையை எப்படி உயர்த்துகிறான், எங்கே நிறுத்துகிறான், எப்போது குரல் தழுதழுக்கிறது என்று கூர்ந்து பார்த்தார். ஒருமுறை தம் கையையும் அதேபோல உயர்த்திப் பார்த்தார். அது எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

உரோகிணி நாள் வந்தது. ஏர் பூட்டி முடிந்ததும் களத்திலிருந்து எல்லோரையும் வீட்டு முன்வாசலுக்கு வரச்சொன்னார்கள். பட்டணத்திலிருந்து புகைப்படக்காரர் வந்திருந்தார். ஆண்டை வெள்ளைக் கோட்டோடு படியில் நின்றார். வெற்றிலைத் தட்டைக் காணவில்லை. பாவாடை வழக்கப்படி முன்னால் வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகளை ஏந்தினான்.

ஆண்டை வலக்கையை உயர்த்தினார். அதே உயரம்.

"இன்னியிலேர்ந்து இந்த மண்ணுல யாரும் யாருக்கும் ஆளு இல்ல. நான் உங்களுக்கெல்லாம் விடுதல குடுத்துட்டேன்!"

குரல் சரியான இடத்தில் தழுதழுத்தது. கன்னத்தில் நீர் வழிந்தது. படம் எடுத்தார்கள். கூடத்துக்காரர்கள் கைதட்டினார்கள். பாவாடையின் கைகள் ஏந்தியது ஏந்தியபடியே இருந்தன.

"வெத்தல, ஆண்டே?"

"வெத்தல எதுக்குடா? நீதான் விடுதல ஆயிட்டியே!"

எல்லோரும் சிரித்தார்கள். பாவாடை சிரிக்கவில்லை. "அப்ப வூடு?"

"என் ஆளு குடியிருக்கற எடம்டா அது. நீ இப்ப என் ஆளு இல்லியே." கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். "டிராக்டர் சொல்லிட்டேன். சாமான எங்க எறக்கணும்னு சொல்லு, எறக்கிக் குடுப்பான். வாடக வேணாம். அது என் செலவு."

டிராக்டருக்கு மாலை போட்டிருந்தார்கள்.

கொம்யூன் ஆள் வந்து அளக்கும்போது அந்த மனையில் ஒரு குடியும் இருக்கப் போவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் வாயைத் திறந்து, "ஐயா, இதுவா நீங்கள் சொன்ன வாக்கு?" என்று கேட்டேன். அவர் என்னைப் பாசத்தோடு பார்த்தார்.

"இதவிட பெருசா இன்னா குடுக்க முடியும் செட்டியாரே? எடம் கேட்டான். நான் ஒலகத்தையே குடுத்துட்டேன்."

மதியத்துக்குள் கூரைகளைப் பிரித்துவிட்டார்கள். அவரும் போய்ப் பார்த்தார். அஞ்சலையின் முருங்கை மரம் டிராக்டர் திரும்புவதற்காக வெட்டுண்டு கிடந்தது. காயும் பூவுமாக இருந்த மரம். அதைக் கண்டு மூன்றாவது கைக்குட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி அழுதார் என்று கேள்விப்பட்டேன். கேள்விதான். ஆனால் நம்பாமலிருக்க எனக்குக் காரணமில்லை.

அன்று பிற்பகலே நாடகத்தின் கடைசிப் பகுதியைப் போட்டார். விடுதலை நாளாயிற்றே, கொண்டாட வேண்டாமா? பட்டணத்து உறவினரும் வந்திருந்ததால் கூடம் நிறைந்திருந்தது. நான் உட்காரவில்லை. விடைபெறாமல் போகத் தெரியாதவனாய் வாசற்படி ஓரம் நின்றேன். சன்னலில் யாரும் இல்லை. பிறகு ஒரே ஒரு முகம் வந்தது. அஞ்சலை. தலையில் கூரைத் தூசி.

"ஆண்டே, கதவ மட்டும் எடுத்துக்கினு போவக் கூடாதுன்றாரு ஒங்க ஆளு. அது எங்கப்பன் செஞ்சது."

"மரம் என் தோப்பு மரம்டி. உங்கப்பன் கைதான் அவன்து. அப்பறம் பேசிக்கலாம், நில்லு. கடைசி பாகம் ஓடுது பாரு."

திரையில் தோட்டம் வெறிச்சென்று கிடந்தது. விடுபட்டவர்கள் கரும்பு வெட்ட வரவில்லை. துரை கடற்கரையில் நின்று கடலைப் பார்க்கிறான். ஆண்டை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்: "ஆளு இல்லாம கரும்பு காயுதுன்னு சொல்றான்... வேற எடத்துலேர்ந்து ஆளு வரப் போவுதாம்..."

ஒரு கப்பல் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர்கள் ஆப்பிரிக்கர் அல்லர். முழங்காலுக்குமேல் கட்டிய வேட்டியும் தலைப்பாகையுமாக ஆண்கள். கண்டாங்கிச் சேலையில் பெண்கள். அவர்களில் ஒருத்தி இடுப்புக் குழந்தையோடு துரையின் ஆளை நெருங்கி நின்றாள். அந்தப் பிரெஞ்சுப் பெட்டிக்குள்ளிருந்து, ஐயத்துக்கிடமற்ற, கலப்பற்ற தமிழில் அவள் குரல் வந்தது.

"தண்ணி கொஞ்சம் குடுங்க சாமி. கொழந்தைக்கு நாக்கு வறண்டு கெடக்குது."

இத்தனை ஞாயிறுகளும் நாங்கள் எல்லோரும் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போதும் பழக்கத்தால் அவர் வாயைப் பார்த்தோம். அது பாதி திறந்திருந்தது. தொலைக்காட்சிப் பெட்டிக்கு நேர்மேலே சுவரில், சந்தன மாலைக்குள், கப்பலுக்கு ஆள் சேர்த்த அவருடைய பாட்டனார் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சன்னலிலிருந்து அஞ்சலை கேட்டாள். குரலில் கோபமில்லை; உண்மையாகவே அறிய விரும்புகிறவள்போலக் கேட்டாள்.

"அவ இன்னா சொல்றா ஆண்டே? நீங்களே சொல்லுங்க."

அவர் எழுந்து டெக்கை நிறுத்தினார். அலமாரிக் கதவுகளைச் சாத்தினார். "நல்லா எடுக்கல. இதோட போதும்" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். எத்தனையோ ஆண்டுகளாக அவரை அறிந்தவன், அன்றுதான் முதன்முறையாக அந்தக் கண்களை ஒரு துளி ஈரமும் இல்லாமல் கண்டேன். இடக்கண்ணிலும் இல்லை, வலக்கண்ணிலும் இல்லை. நாயும் எருதும் தீவும் கேட்டவுடன் பெற்ற நீர், நம் மொழியில் தண்ணீர் கேட்டவளுக்கு மட்டும் இல்லாமல் போயிற்று.

"கதவ எடுத்துக்கறோம்" என்றாள் அஞ்சலை. இம்முறை அவள் கேட்கவில்லை.

ஒருவரும் தடுக்கவில்லை. நான் வெளியே வந்தபோது பாவாடை அந்தக் கதவைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை வழியே ஒரு பக்கம் சாய்ந்து நடந்துகொண்டிருந்தான். மாலை போட்ட டிராக்டர் களத்தில் சும்மா நின்றது. அதில் அவர்கள் ஏறவில்லை.

கொம்யூன் ஆள் வந்தார். தோப்போரத்தில் அளப்பதற்கு ஒன்றும் இல்லை. அங்கே பிறகு சவுக்குக் கன்று நட்டார்கள். பாவாடையும் அஞ்சலையும் வாய்க்கால் புறம்போக்கில் குடிசை போட்டார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வரும் இடம் அது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்கள். இன்றைக்கும் பட்டா இல்லை. அஞ்சலை அரியாங்குப்பத்தில் சித்தாள் வேலைக்குப் போகிறாள். குடிசைச் சுவர் மண்தான். கதவு மட்டும் நல்ல மாம்பலகை.

அடுத்த மார்கழியில் பாட வரச்சொல்லி ஆண்டை ஆள் அனுப்பினார். அந்தக் கூடத்தில் என் வாய் திறக்காது என்று சொல்லி அனுப்பினேன். கேட்டதும் அழுதாராம்.

நேற்று, பிரான்சுக்குத் திரும்பும் முன் மகன் மறுபடி வந்தான். "பாட்டு ஆச்சா ஐயா?" என்றான். படத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "இந்தப் படத்தில் கை ஏந்தி நிற்கிறானே, அவன் என்ன கேட்கிறான் தெரியுமா?" என்று கேட்டேன்.

"ஆசீர்வாதம்தான ஐயா?"

"வெற்றிலை" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. விளக்கினேன். அவனும் தந்தையின் மகன்தான். கேட்கக் கேட்க இடக்கண் ஓரத்தில் நீர் கட்டத் தொடங்கியது. கைக்குட்டையைத் தேடினான். நான் கடையின் விளக்கை ஏற்றும் பாவனையில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

பெருமானே, சொன்னதில் பொய் இருந்தால் பொறுத்தருள்க. இதைப் படிப்போரும், படிக்கக் கேட்போரும், படிக்காமல் கடந்து போவோரும் வாழ்க. அவர்கள் ஏரி நிறைக. ஏர் தவறாமல் பூட்டுக. நெடுந்தொலைவுத் துயருக்கு அவர்கள் கண் கலங்கினால், வாசலில் நிற்பவருக்கு ஒரு செம்பு தண்ணீர் தரும் கையும் கூடவே வாய்ப்பதாக. அவரவர் வீட்டுக் கதவு அவரவர்க்கே நிலைப்பதாக. அது நிற்க ஒரு மனையும் கிடைப்பதாக.